வண்டி சொல்வதைக் கேட்போம்

உடலுக்குக் காய்ச்சல் எப்படியோ, அப்படித்தான் வண்டிக்குச் சத்தம். உள்ளே நோய் ஒன்று இருக்கிறது என்று முன்கூட்டியே அறிவிக்கும் தூதன் அது. இன்று நம் தோழியர் பலருடைய வீடுகளில் எஸ்.யு.வி. எனப்படும் பெரிய வண்டிகள் நிற்கின்றன. பள்ளிக்கும், ஞாயிறு திருப்பலிக்கும், வேளாங்கண்ணித் திருவிழாவுக்கும் குடும்பமே அதில் ஏறிச் செல்கிறது. பள்ளத்தில் இறங்கும்போது அடியில் 'டொக், டொக்' என்று கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? பாட்டின் ஒலியைக் கூட்டிவிடுகிறோம்! இது சரியா? அந்தச் சத்தத்தைக் கவனித்து, அது எப்போது, எங்கே எழுகிறது என்று எடுத்துச் சொல்லும் அறிவு பெண்களாகிய நமக்கும் வேண்டும் என்பதே என் கருத்து.

சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் உறுப்புகள் பல. அவற்றின் நடுவே ரப்பர் புஷ்களும் பால் ஜாயின்ட்களும் உள்ளன. பால் ஜாயின்ட் என்பது நம் தோள்மூட்டைப் போன்றது. ரப்பர் வெடித்தாலோ மூட்டு தேய்ந்தாலோ இடைவெளி உண்டாகி, இரும்போடு இரும்பு மோதுகிறது. அதுவே நாம் கேட்கும் சத்தம். பின்னால் சரியாகக் கட்டப்படாத ஜாக்கி உருண்டாலும் இதுபோன்ற சத்தம் வரும், அதனால் தீங்கில்லை. ஆனால் பால் ஜாயின்ட் முற்றிலும் தேய்ந்து கழன்றுவிட்டால், ஓடும்போதே சக்கரம் சாய்ந்துவிடும். வண்டி கைக்கு அடங்காது. கேட்பது ஒரே சத்தம். காரணமோ அற்பமாகவும் இருக்கலாம், உயிருக்கே உலையாகவும் இருக்கலாம்.

நோயையும் அதன் காரணத்தையும் அறிந்த பின்பே மருந்து தரவேண்டும் என்பது வள்ளுவர் காட்டிய வழி. வண்டிக்கும் அதுவே விதி. முதலில் பின்பகுதியிலுள்ள சாமான்களை இறக்கிவிட்டு, ஸ்டெப்னியும் ஜாக்கியும் இறுக்கமாக உள்ளனவா, சக்கர நட்டுகள் இறுகியிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். பிறகு சத்தம் எப்போது வருகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிரேக் போடும்போது மட்டும் வந்தால், பிரேக் பாகங்களையோ லோயர் ஆர்ம் புஷ்ஷையோ சோதிக்கலாம். முன் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது வந்தால், இன்ஜின் மவுன்டிங்கையோ, பின்சக்கரத்தால் ஓடும் வண்டியானால் அதன் கிராஸ் ஜாயின்டையோ பார்க்கலாம். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது வந்து, இரு சக்கரங்களும் ஒன்றாக ஏறும் வேகத்தடையில் வராவிட்டால், ஸ்டெபிலைசர் லிங்க் மீது சந்தேகம் கொள்ளலாம். ஏனெனில் இரு பக்கச் சக்கரங்களையும் இணைக்கும் அந்தக் கம்பி, ஒரு சக்கரம் ஏறி மற்றொன்று இறங்கும்போதுதான் முறுக்கப்படுகிறது.

இதில் என் குடும்பத்தின் அனுபவம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் வண்டியை ஓட்டுபவர் அம்மா. முன்பக்கம் இடப்புறத்தில் சத்தம் கேட்கிறது என்று ஒரு பட்டறையில் சொன்னபோது, "சார் வரட்டும் அம்மா, பேசிக்கொள்கிறோம்" என்றார்கள். அப்பா சென்றார்; ஆனால் சத்தத்தைக் கேட்டவர் அவரல்லவே! இரண்டு ஷாக் அப்சார்பர்கள் மாற்றப்பட்டன. பணம் போயிற்று, சத்தம் போகவில்லை. பின்பு வேறொரு பட்டறைக்கு அம்மா ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார்: 'மெதுவாகப் போகையில் வருகிறது, பள்ளத்தில் உண்டு, வேகத்தடையில் இல்லை.' அங்கிருந்த மெக்கானிக் அண்ணன் அதைப் படித்துவிட்டு, அம்மாவையே ஓட்டச் சொல்லி அருகில் அமர்ந்து கேட்டார். பிறகு வண்டியை உயர்த்தி, லிங்கைக் கையால் அசைத்துக் காட்டினார். அதன் மூட்டு லொடலொடவென்று ஆடியது. மற்ற மூட்டுகளையும் நெம்பிப் பார்த்து, அவை நன்றாயிருப்பதை உறுதி செய்த பின்பே அதை மாற்றினார். முன்பு ஆன செலவில் ஒரு சிறு பங்கே ஆயிற்று. அம்மாவின் சொல்லை முதலிலேயே மதித்திருந்தால் அந்தப் பெருஞ்செலவு எதற்கு?

"பெண்கள் என்ன மெக்கானிக் ஆகப் போகிறார்களா?" என்று சிலர் கேட்கலாம். விரும்புகிறவர்கள் ஆகட்டுமே! மற்றவர்களுக்கும் இந்த அறிவு தேவை. மருத்துவம் படிக்காவிட்டாலும், எங்கே வலிக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லத் தெரியவேண்டுமல்லவா? "ஆபத்தான வேலையாயிற்றே" என்பது மற்றொரு தடை. ஜாக்கியை மட்டும் நம்பி நிற்கும் வண்டியின் அடியில் ஆணோ பெண்ணோ எவருமே நுழையக் கூடாது. அந்த எச்சரிக்கையையும் கற்றுத்தானே அறியவேண்டும்?

இது பெண்களுக்குப் புதிதுமன்று. 1888 ஆகஸ்டு மாதம் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் அம்மையார், தம் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியில் இரு மகன்களுடன் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஏறக்குறைய 100 கிலோ மீட்டர் பயணம் செய்தார். வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை நீக்கினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது காலணி தைப்பவரைக் கொண்டு தோல் பொருத்தச் செய்தார். குறை எங்கே என்று அவர் அறிந்திருந்ததால்தான் பயணம் நிறைவேறியது.

எனவே, நம் அருட்சகோதரியரையும் ஆசிரியைகளையும் பணிவுடன் வேண்டுகிறேன். தையலும் பூவேலையும் கற்றுத்தரும் கைவேலை வகுப்புகளில் ஆண்டுக்கு ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்குங்கள். ஸ்டெப்னி மாற்றவும், டயரில் காற்றழுத்தம் பார்க்கவும், சத்தத்தைக் கேட்டுக் குறிப்பெழுதவும் நாங்கள் கற்றுக்கொள்கிறோம். பெற்றோர்களே, உங்கள் மகள் "அப்பா, ஏதோ சத்தம் கேட்கிறது" என்றால், "உனக்கென்ன தெரியும்?" என்று அடக்கிவிடாதீர்கள், "எந்தப் பக்கம், எப்போது?" என்று கேளுங்கள். தோழியரே, அந்தக் கேள்விக்குத் தெளிவாக விடை சொல்ல இன்றே காதுகளைத் தீட்டிக்கொள்வோம்!

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு