யந்திரத்தைத் தூக்கி எறியச் சொல்ல இவர்கள் யார்?

2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்குத் தங்கள் பொறுப்பு முடிந்தது என்று மைக்ரோசாஃப்ட் கம்பெனி கையைக் கழுவிவிட்டது. 2015 ஜூலையில் சந்தைக்கு வந்த சரக்கு அது. இனி அதில் ஓட்டை விழுந்தால் அடைக்க மாட்டோம், விண்டோஸ் 11-க்கு வந்து சேருங்கள் என்பது அவர்களுடைய அறிவிப்பு. சரி, வருகிறோம் என்று போனால் வாசலிலேயே காவல்! டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இருக்க வேண்டுமாம். அவர்கள் போட்ட பட்டியலில் உள்ள பிராசஸராக இருக்க வேண்டுமாம். 2017-க்கு முன் வந்த இன்டெல் பிராசஸர்கள் ஏறத்தாழ எல்லாமே அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன.

இதன் பொருள் என்ன? 2013-லோ 2014-லோ வாங்கிய கம்ப்யூட்டர் இன்றும் நன்றாக ஓடுகிறது. டிஸ்க் கெடவில்லை, திரை மங்கவில்லை, காற்றாடி நிற்கவில்லை. ஆனாலும் அது செத்துவிட்டது என்று தீர்ப்பு!

நமது சங்க வாசகசாலைகளில் இருப்பவை இப்படிப்பட்ட யந்திரங்கள்தான். மில் தொழிலாளி பி.எஃப். கணக்கில் எவ்வளவு விழுந்தது என்று பார்க்கவும், விவசாயத் தொழிலாளி பட்டா, சிட்டா எடுக்கவும், பிள்ளைகள் பரீட்சை முடிவு பார்க்கவும் அவைதான் உதவுகின்றன. இப்படி ஒரு யந்திரத்தைக் கடைக்குக் கொண்டுபோனபோது நமக்குக் கிடைத்த பதில் இதுதான்: "இது ஸ்கிராப் அண்ணே! நாற்பதாயிரம் போட்டுப் புதுசு வாங்கிடுங்க."

நாற்பதாயிரம்! கான்ட்ராக்டில் வேலை செய்யும் தொழிலாளிக்கு அது எத்தனை மாதக் கூலி என்று அந்தக் கடைக்காரர் கணக்குப் போட்டாரா?

பாதி உண்மையும் முழுப் புரட்டும்

எதிரியின் வாதத்தில் உண்மை இருந்தால் அதை மறைக்க வேண்டியதில்லை. ஓட்டை அடைக்கப்படாத மென்பொருளை இண்டர்நெட்டில் விட்டுவைப்பது ஆபத்து என்பது உண்மை. திருடன் நுழையும் வழி தெரிந்துவிட்டது, கதவைச் சரிசெய்ய ஆளில்லை என்றால் அந்த வீட்டில் பணத்தை வைப்பானா ஒருவன்? ஆகவே, "பழைய விண்டோஸிலேயே ஓட்டிக்கொண்டிருப்போம், ஒன்றும் ஆகாது" என்று கூறும் தோழர்களுடன் நாம் உடன்படவில்லை. இன்னும் ஓராண்டு, அதாவது 2026 அக்டோபர் 13 வரை, ஒட்டுப் போட்டுத் தருகிறோம் என்றது கம்பெனி. அதற்கும் அவர்களிடம் கணக்குத் தொடங்கிச் சேர வேண்டும். அது மருந்தல்ல, வாய்தா.

ஆனால் மென்பொருள் கெட்டதற்கு யந்திரத்தை ஏன் எறிய வேண்டும்? கூரை ஓலை மக்கிப்போனால் சுவரை இடிப்பார்களா? ஓலையை மாற்றுவார்கள். இங்கே மாற்ற வேண்டிய ஓலை விண்டோஸ். யந்திரம் அல்ல. இந்தச் சின்ன விஷயத்தை மூடி மறைப்பதில்தான் முழு வியாபாரமும் நடக்கிறது.

மாற்று எங்கே இருக்கிறது?

மாற்று இருக்கிறது. 1983 செப்டம்பரில் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் குனூ என்ற திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எவரும் ஓட்டலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிறருக்குப் பகிரலாம், தேவைக்கேற்ப மாற்றலாம். அதற்கு யாரும் வேலி போடக்கூடாது என்பது அதன் அடிப்படை. 1991-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் கல்லூரி மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், யந்திரத்தை இயக்கும் மையப் பகுதியான கெர்னலை எழுதி வெளியிட்டார். 1992-ல் அது குனூவின் பொது உரிமத்தின் கீழ் வந்தது. இரண்டும் சேர்ந்ததைத்தான் லினக்ஸ் என்று ஜனங்கள் அழைக்கிறார்கள்.

"இனாமாகக் கிடைப்பது என்ன லட்சணத்தில் இருக்கும்?" என்று சில மேதாவிகள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அவர்களைக் கேட்கிறோம்: உலகின் மிக வேகமான ஐந்நூறு சூப்பர் கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் ஐந்நூறும் லினக்ஸில் ஓடுவது எப்படி? உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனின் அடியில் லினக்ஸ் கெர்னல் இருப்பது உங்களுக்குத் தெரியுமா? மைக்ரோசாஃப்டே 2019-ல் தன் விண்டோஸுக்குள் லினக்ஸ் கெர்னலைச் சேர்ப்பதாக அறிவித்ததே, அது எதற்கு? தாங்கள் விருந்தில் உண்பதைப் பிறருக்கு விஷம் என்று சொல்வதா?

இது தர்மச் சோறும் அல்ல. பெரிய கம்பெனிகளின் சம்பளக்காரர்களும் இதில் எழுதுகிறார்கள், சம்பளம் வாங்காதவர்களும் எழுதுகிறார்கள். எழுதியது எல்லோருக்கும் பொது.

கருப்புத் திரை என்ற பூச்சாண்டி

லினக்ஸில் பல வகைகள் உண்டு. நாம் இங்கே எடுத்துக்கொள்வது ஆர்ச் லினக்ஸ். கனடாவில் ஜட் வினெட் என்பவர் 2002 மார்ச்சில் தொடங்கியது. வேண்டாத சுமை எதையும் ஏற்றாமல், அஸ்திவாரத்தை மட்டும் தந்து, மீதியை உன் தேவைப்படி நீயே கட்டிக்கொள் என்று விடுவது இதன் வழக்கம். அடிப்படை அமைப்புக்கு டிஸ்கில் 2 ஜி.பி.க்கும் குறைவான இடமே போதும். நிறுவிய பின் 512 எம்.பி. நினைவகத்திலும் ஓடும், நிறுவும் நேரத்தில் மட்டும் சற்று அதிகம் வேண்டும். விண்டோஸ் 11 கேட்பதோ 4 ஜி.பி. நினைவகமும் 64 ஜி.பி. இடமும்! வித்தியாசத்தைப் பாருங்கள்.

"ஐயோ, அது கருப்புத் திரையில் கட்டளை தட்டுகிற வேலை! என்ஜினீயர்கள் சமாசாரம்!" என்று பூச்சாண்டி காட்டுகிறார்கள். அந்த என்ஜினீயர் ரகசியம்தான் என்ன? திறந்து பார்ப்போம்.

பென் டிரைவில் எழுதிய ஆர்ச்சை வைத்து யந்திரத்தைக் கிளப்பினால் கருப்புத் திரையில் ஒரு கோடு கண் சிமிட்டும். இண்டர்நெட் கம்பியைச் செருகினால் இணைப்பு தானே வந்துவிடும். அதன் பிறகு நடப்பது நடவுக்கு வயலைத் தயார் செய்யும் வேலைதான்.

முதலில் எந்த டிஸ்க் எங்கே இருக்கிறது என்று பட்டியல் கேட்க வேண்டும். அடுத்து எஃப்டிஸ்க் என்ற கருவியால் டிஸ்கைப் பிரிக்க வேண்டும். இது வரப்புப் போடுவது. யந்திரம் கிளம்புவதற்கு ஒரு சிறு பாத்தி, நினைவகம் நிரம்பினால் வழிந்து தேங்க ஒரு பாத்தி, மீதி முழுவதும் அமைப்புக்கு. பின்பு ஒவ்வொரு பாத்தியையும் ஃபார்மட் செய்ய வேண்டும். இது உழுது பரம்படிப்பது. முன்பு நின்ற பயிர் எதுவும் இதற்குப் பின் மிஞ்சாது. அடுத்தது மவுண்ட், அதாவது தயாரான பாத்தியை வாய்க்காலோடு இணைப்பது.

இப்போது நடவு. பேக்ஸ்ட்ராப் என்ற ஒரே கட்டளை. பின்னால் மூன்று பெயர்கள்: அடிப்படைத் தொகுப்பு, லினக்ஸ் கெர்னல், சாதனங்களுக்கான ஃபர்ம்வேர். அவ்வளவுதான்! இண்டர்நெட்டிலிருந்து அவை வந்து தம் இடத்தில் அமரும்.

பிறகு ஒரு மஸ்டர் ரோல் எழுத வேண்டும். தினமும் யந்திரம் எழும்போது எந்தப் பாத்தி எங்கே ஆஜராக வேண்டும் என்ற பட்டியல் அது. அதையும் ஒரு கட்டளையே எழுதிக் கொடுக்கும். அடுத்து, கட்டிய வீட்டுக்குள் நாமே நுழைந்து நேரத்தை ஆசியா-கொல்கத்தா என்று வைக்க வேண்டும், யந்திரத்துக்குப் பெயர் வைக்க வேண்டும், பாஸ்வேர்டு போட வேண்டும். கடைசியாக கிரப் என்ற துவக்கி. இதுதான் மில் சங்கு. சங்கு ஊதாவிட்டால் ஷிப்ட் தொடங்காது.

பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. நெட்வொர்க் மென்பொருளையும் அப்போதே சேர்க்க மறந்துவிடுவார்கள். புது அமைப்பு எழும். ஆனால் இண்டர்நெட் இருக்காது. பயம் வேண்டாம். மறுபடி பென் டிரைவில் கிளப்பி, பாத்திகளை இணைத்து, உள்ளே நுழைந்து, விட்டதைச் சேர்த்தால் முடிந்தது. கட்டியவனுக்கு எந்தச் செங்கல் எங்கே என்று தெரியும். ஆகவே பழுது பார்க்கவும் தெரியும்.

"இங்கிலீஷ் வேண்டுமே!"

வேண்டும்தான். கட்டளைகள் ஆங்கிலச் சொற்கள்தான். அந்தக் கருப்புத் திரை தமிழ் எழுத்தைக் காட்டுவதும் இல்லை. ஆனால் ரிங் ஃபிரேம், ஸ்பிண்டில், பாபின், பேரிங், ஸ்பானர் எல்லாம் எந்த மொழி? பள்ளிக்கூடம் போகாத தொழிலாளியும் அவற்றை நாவில் வைத்திருக்கிறான். யந்திரம் முனகும் சத்தத்திலேயே எந்த பேரிங் தேய்ந்தது என்று சொல்லிவிடுகிறான். அவனுக்கு இருபது கட்டளைச் சொல் பாரமா? ஒரு காகிதத்தில் தமிழ் விளக்கத்துடன் எழுதிச் சுவரில் ஒட்டினால் தீர்ந்தது. வேலை முடிந்து எக்ஸ்எஃப்சிஇ என்ற இலேசான மேசைத் திரையையும், ஃபயர்ஃபாக்ஸையும், லிப்ரே ஆபீஸையும், நோட்டோ எழுத்துருக்களையும் சேர்த்துவிட்டால் தமிழ் பளிச்சென்று தெரியும். தமிழ்99 முறையில் தட்டச்சு செய்யவும் வழி உண்டு.

பொத்தான் இருக்கும்போது கைவேலை எதற்கு?

இது நம் நண்பர்களே கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வி. பொத்தானை அழுத்தினால் நிறுவிக்கொள்ளும் லினக்ஸ் வகைகள் பல உண்டு. ஆர்ச்சிலும் 2021 முதல் கேள்வி கேட்டு நிறுவித்தரும் உதவி மென்பொருள் இருக்கிறது. அவசரத்துக்கு அவற்றைப் பயன்படுத்துங்கள், குற்றமில்லை.

ஆனால் ஒவ்வொரு ஊரிலும் இரண்டு பேராவது ஒரு முறையாவது கையால் கட்டிப் பார்க்க வேண்டும் என்கிறோம். ஏன்? "இது ஸ்கிராப்" என்று ஒருவன் சொல்லும்போது வாயடைத்து நிற்கிறோமே, அது எதனால்? உள்ளே என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாததால்! பொத்தான் வேலையை முடித்துத் தரும், அறிவைத் தராது. உள்ளே உள்ள மூன்று பாத்தியையும் ஒரு சங்கையும் கண்டவனை எந்தக் கடைக்காரனும் மிரட்ட முடியாது.

செய்யுமுன் கவனிக்க

ஆர்வக்கோளாறில் காரியத்தைக் கெடுக்கக்கூடாது. டிஸ்கில் உள்ள உறுப்பினர் பட்டியல், வரவு செலவு, படங்கள் அனைத்தையும் வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொண்டு, அந்தப் பிரதி திறக்கிறதா என்றும் பார்த்த பிறகே பரம்படிக்க வேண்டும். டிஸ்கின் பெயரை இருவர் சரிபார்த்த பிறகே ஃபார்மட் கட்டளையைத் தட்ட வேண்டும். பிரிண்டர்கள் சில முரண்டு பிடிக்கும். விண்டோஸில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருள்களும் உண்டு. அவற்றை நம்பி இருப்பவர்கள் முதலில் மாற்று பார்த்துக்கொள்ளட்டும்.

மிகப் பழைய 32 பிட் யந்திரங்களை ஆர்ச் 2017-லேயே விட்டுவிட்டது. அவற்றுக்கு ஆல்பைன் லினக்ஸ் போன்றவை உண்டு. ஆர்ச்சை அடிக்கடி புதுப்பிக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லாத இடத்தில் 1993 முதல் நடந்துவரும் டெபியனைப் போடலாம். அதன் 13-வது பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது. அதிலும் அஸ்திவாரத்தை மட்டும் நிறுவ முடியும்.

செய்ய வேண்டியது

எறியச் சொன்ன யந்திரங்களை எடைக்குப் போடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையில் பத்துப் பேர் கூடுங்கள். ஒருவர் தட்ட, ஒருவர் கையேட்டை வாசிக்க, மற்றவர்கள் பார்க்க, ஒரு யந்திரத்தைக் கட்டி முடியுங்கள். அடுத்த ஞாயிறு முன்பு பார்த்தவர் தட்டட்டும். தட்டியவர் சும்மா இருந்து பார்க்கட்டும். அந்தக் கட்டளைக் காகிதத்தைப் பிரதி எடுத்துப் பக்கத்து ஊருக்கும் கொடுங்கள்.

நாம் காசு கொடுத்து வாங்கிய யந்திரம் நம்முடையது. அதற்கு எப்போது ஆயுள் முடிந்தது என்பதை நாம்தான் முடிவு செய்வோம்!