வியர்க்கும் பண்டோங் குவளை

பள்ளித் தவணை தொடங்கி இரண்டு மூன்று வாரங்கள் ஆனதும் எங்கள் வானொலி நிலையத்திற்கு வரும் குரல் பதிவுகளில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். “பிள்ளைக்குக் கணக்கு வரமாட்டேங்குது. எந்த டியூஷன் நல்லாருக்கும், சொல்லுங்களேன்.” கேட்பவர் வேலை முடிந்து எம்ஆர்டியில் நின்றுகொண்டே பேசுவது பின்னணிச் சத்தத்தில் தெரியும். அந்தக் குரலில் இருக்கும் களைப்பும் தெரியும்.

எந்த டியூஷன் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கணக்கு வரவில்லை என்கிறோமே, அதில் எது வரவில்லை?

தொடக்கநிலை இரண்டிலோ மூன்றிலோ படிக்கும் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். 1/4 பெரியதா, 1/8 பெரியதா? பல பிள்ளைகள் யோசிக்காமல் 1/8 என்பார்கள். எட்டு நாலைவிடப் பெரியது, அவ்வளவுதான். இதை மக்குத்தனம் என்று சொல்லக்கூடாது. அதுவரை அந்தப் பிள்ளை கற்ற எண்களெல்லாம் அப்படித்தான் நடந்துகொண்டன. பின்னம் வந்ததும் விதி மாறிவிட்டது. மாறியதை யாரும் அதன் கையில் கொடுத்துக் காட்டவில்லை.

கையில் கொடுப்பதற்கு ஒரு காகிதம் போதும்.

நாம் மூன்றாம் படியில் தொடங்குகிறோம்

இது புதிய யோசனை இல்லை. நம் ஊர்ப் பாடத்திட்டத்தின் அடித்தளமே இதுதான். அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் சொன்னது: மனிதர்கள் ஒரு விஷயத்தை முதலில் செயலாகவும், பிறகு படமாகவும், அதன் பிறகு குறியீடாகவும் மனத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். 1980களில் சிங்கப்பூரின் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகத்தில் டாக்டர் கோ டெக் ஹோங் தலைமையிலான குழு தொடக்கப்பள்ளிக் கணிதப் புத்தகங்களை உருவாக்கியபோது இந்த வரிசையைப் பின்பற்றியது. முதலில் பொருள், அடுத்து படம், கடைசியில் எண். நீண்ட செவ்வகக் கட்டங்கள் வரைந்து கணக்குப் போடும் ‘மாடல்’ முறையும் அந்தக் குழு தந்ததே. இன்று பல நாடுகளில் ‘சிங்கப்பூர் கணிதம்’ என்று பெயர் சொல்லிக் கற்பிக்கிறார்கள்.

வகுப்பறையில் ஆசிரியர் கட்டைகளையும் வட்டத் தகடுகளையும் கொடுத்துத்தான் தொடங்குகிறார். ஆனால் வீட்டுக்கு வருவது பயிற்சிப் புத்தகம் மட்டும். அதில் இருப்பது மூன்றாவது படி. முதல் படியில் கால் சரியாகப் பதியாத பிள்ளையை நேராக மூன்றாவது படியில் நிறுத்தி, “இதுகூடத் தெரியாதா?” என்று கேட்கிறோம். தெரியாது என்பதுதான் உண்மையான பதில்.

காகிதம் சொல்லும் பின்னம்

ஒரு வெள்ளைத்தாளைப் பாதியாக மடியுங்கள். இன்னொரு முறை. இன்னொரு முறை. பிரித்தால் எட்டுக் கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு வண்ணம் அடிக்கச் சொல்லுங்கள். இரண்டே முறை மடித்த இன்னொரு தாளில் ஒரு கட்டத்துக்கு வண்ணம் அடித்துப் பக்கத்தில் வையுங்கள். எது பெரியது என்று நீங்கள் சொல்லவே வேண்டாம். “நிறைய பேருக்குப் பங்கு போட்டா ஒருத்தருக்குக் கொஞ்சந்தான் கிடைக்கும்” என்று பிள்ளையே சொல்லும். அந்த வாக்கியம் அதன் வாயிலிருந்து வரும்வரை எண்ணை எழுத வேண்டாம்.

கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு 1/3 + 1/4. இதற்கு 2/7 என்று விடை எழுதும் பிள்ளைகள் உண்டு. மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டிவிடுகிறார்கள். ஒரு தாளை நீளவாக்கில் மூன்றாக மடியுங்கள். பிரித்து, குறுக்குவாக்கில் நான்காக மடியுங்கள். இப்போது தாளில் 12 கட்டங்கள். மூன்றில் ஒரு பங்கு எத்தனை கட்டம்? 4. நான்கில் ஒரு பங்கு? 3. இரண்டும் சேர்ந்து 12இல் 7. பொதுப் பகுதி எண் என்று வகுப்பில் மனப்பாடம் செய்தது வேறொன்றுமில்லை, இரண்டு பங்கையும் ஒரே அளவுக் கட்டமாக வெட்டிக்கொள்வதுதான்.

காகித மடிப்பில் நமக்கு ஒரு பெருமையும் உண்டு. 1893இல் சென்னையில் ஓர் ஆங்கில நூல் வெளியானது. எழுதியவர் டி. சுந்தர ராவ். காகிதத்தை மடித்தே வடிவியலைக் கற்பிக்கும் நூல் அது. பாலர் பள்ளிக் குழந்தைகளின் காகித மடிப்பு விளையாட்டிலிருந்து அவருக்கு அந்த யோசனை பிறந்தது. ஜெர்மனியின் புகழ்பெற்ற கணித மேதை ஃபீலிக்ஸ் கிளைன் தம் நூலில் அதைக் குறிப்பிட, 1901இல் சிகாகோவில் மறுபதிப்பு வந்தது. பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒதுக்காமல் உட்கார்ந்து மடித்துப் பார்த்த ஒரு தமிழகத்து மனிதரின் நூல் கடல் தாண்டிப் போனது.

“எனக்கு இங்கிலீஷ் தெரியாதேம்மா”

சில மாதங்களுக்கு முன் நிகழ்ச்சியில் பேசிய ஒரு பாட்டியின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. பேரன் பள்ளி விட்டு வந்ததும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். “சோறு போடுவேன், குளிக்க வைப்பேன். படிப்புன்னு வந்தா, ‘பாட்டி, உனக்குத் தெரியாது’ன்னு சொல்லிட்டு ரூமுக்குள்ள போயிடுறான். எனக்கு இங்கிலீஷ் தெரியாதேம்மா.”

பாட்டி, உங்களுக்குத் தெரிந்தது பேரனுக்குத் தெரியாது. அரைக்கால் என்றால் என்ன? காலில் அரை. அதாவது எட்டில் ஒரு பங்கு. அதிலும் பாதி வீசம், மாகாணி என்றும் சொல்வார்கள், பதினாறில் ஒரு பங்கு. பாதியில் பாதி கால், காலில் பாதி அரைக்கால் என்று சொல்லிக்கொண்டே காகிதத்தை மடித்தால், பின்னங்களின் பெருக்கல் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 1/2 × 1/4 = 1/8 என்பதைப் பள்ளி சில ஆண்டுகள் கழித்துச் சொல்லித்தரும். பாட்டி இன்று மாலையே சொல்லித்தரலாம்.

செய்து கற்பதில் நான் காணும் பெரிய நன்மை இதுதான். பயிற்சிப் புத்தகத்தின் முன் பாதிக் குடும்பம் வாயடைத்துப் போகிறது. ஒரு காகிதம், ஒரு நூல், ஒரு குவளை இவற்றின் முன் யாரும் அப்படி ஆவதில்லை. வீட்டில் தமிழ் பேசுவதற்குக் காரணம் தேடும் பெற்றோருக்கும் இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

குவளைக்கு வெளியே தண்ணீர்

அறிவியலுக்கு வருவோம். குளிர்ந்த குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் எப்படி வந்தன? தேர்வுக்குத் தயாராகும் பிள்ளை, காற்றிலுள்ள நீராவி, குளிர்ந்த மேற்பரப்பு, வெப்பத்தை இழந்து சுருங்கி நீராதல் என்று முக்கியச் சொற்களை வரிசையாக ஒப்பித்துவிடும். ஆனால் கொஞ்சம் நெருக்கிக் கேட்டால், உள்ளே இருந்த தண்ணீர்தான் கசிந்து வெளியே வந்தது என்று மனத்துக்குள் நம்பும் பிள்ளைகள் பலர்.

வாதாட வேண்டாம். பண்டோங் கலக்குங்கள். குவளை நிறைய ரோஜா நிறம், நிறையப் பனிக்கட்டி. மேலே ஒரு தட்டு போட்டு மூடுங்கள். சமையலறைத் தராசு இருந்தால் எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். வெளியே துளிகள். ஒரு வெள்ளை மெல்லிழைத் தாளால் துடைக்கச் சொல்லுங்கள். ரோஜா நிறம் வரவில்லையே? உள்ளிருந்து கசிந்திருந்தால் நிறமும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். துடைப்பதற்கு முன்பே எடை பார்த்திருந்தால் சில கிராம் கூடியிருப்பதும் தெரியும். கசிந்ததென்றால் எடை எப்படிக் கூடும்? எங்கிருந்தோ புதிதாக வந்து சேர்ந்திருக்கிறது. எங்கிருந்து?

இந்தக் கேள்வியில் நிறுத்திவிட்டு அடுத்த நாள் வரை காத்திருங்கள். குளிர்சாதனப் பேருந்தைவிட்டு இறங்கியதும் அப்பாவின் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அது ஏன் என்று கேளுங்கள். பண்டோங் குவளையைப் புரிந்துகொண்ட பிள்ளை, குளிர்ந்தது கண்ணாடி, ஈரம் வெளிக்காற்றில் இருந்தது என்று சொல்லிவிடும். மனப்பாடம் செய்த பிள்ளை, “அது புத்தகத்துல இல்ல” என்று சொல்லும்.

ஒரு நூலும் ஒரு சாவியும்

ஊசலுக்கு ஒரு நூலும் வீட்டுச் சாவியும் போதும். நூலின் நீளம் 25 சென்டிமீட்டர். மெல்ல ஆட்டிவிட்டுப் போய்வரும் முழு ஆட்டங்கள் பத்தைக் கைப்பேசியில் நேரம் பிடியுங்கள். சுமார் 10 விநாடி. இப்போது இரண்டு சாவி கட்டினால் வேகம் கூடுமா? பெரும்பாலான பெரியவர்களே கூடும் என்பார்கள். கூடாது. சாவி தொங்கும் உயரம் மாறாமல் இருந்தால் அதே பத்து விநாடிதான். நூலை ஒரு மீட்டராக்கினால் சுமார் 20 விநாடி. நீளம் நாலு மடங்கு, நேரம் இரண்டு மடங்கு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதே இதில் பாடம். நூலையும் சாவியையும் சேர்த்து மாற்றினால் எதனால் மாறியது என்று தெரியாமல் போகும். அறிவியல் தேர்வில் ‘நியாயமான சோதனை’ என்று கேட்பது இதைத்தான்.

வட்டத்துக்கு மைலோ டின். நூலால் ஒரு சுற்று சுற்றி அளந்து, குறுக்களவால் வகுத்தால் மூன்றுக்குச் சற்று மேலே வரும். பால் டின்னிலும் அதுவே, பெரிய வாளியிலும் அதுவே. பை என்ற அந்த எண்ணை அதன் பிறகு பிள்ளை மறக்காது.

விளையாட்டு எப்போது பாடமாகிறது?

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பொருளைக் கையில் கொடுத்துவிட்டால் புரிதல் தானாக வந்துவிடாது. அமெரிக்கக் கல்வியாளர் டெபோரா பால் 1992இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் எடுத்துச் சொன்னார்: கணிதம் கட்டைகளுக்குள் இல்லை, பெரியவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருப்பதால் அது அங்கே இருப்பதுபோலத் தெரிகிறது. பிள்ளைக்கு அது வெறும் கட்டையாகவே இருக்கலாம்.

அதனால் மூன்று கேள்விகளை விடாதீர்கள். செய்வதற்கு முன், “என்ன ஆகும்னு நினைக்கிற?” செய்த பின், “என்ன பார்த்த?” கடைசியாக, “ஏன் அப்படி?” முதல் கேள்விதான் முக்கியம். ஊகித்துச் சொன்ன பிள்ளைக்கு விடையைப் பார்க்கும் ஆவல் வந்துவிடும். பிறகு பார்த்ததைப் படமாக வரையட்டும். படத்தின் கீழே எண்ணை எழுதட்டும். மூன்றாவது நாள் காகிதமில்லாமல் அதே கணக்கைக் கேளுங்கள். வரவில்லை என்றால் மறுபடி காகிதம். வந்துவிட்டால் காகிதத்துக்கு விடுதலை.

“பிஎஸ்எல்இ தேர்வு அறையில் காகிதம் மடிக்க விடுவார்களா?” என்று ஓர் அப்பா கேட்டார். மாட்டார்கள்தான். மிதிவண்டியில் பக்கச் சக்கரம் பூட்டிக் கொடுப்பது என்றைக்கும் அதோடு ஓட்டுவதற்காக இல்லையே. நேரம் இல்லை என்று சொல்பவர்களுக்கும் இதையே சொல்வேன். பதினைந்து நிமிடத்தில் மடித்துப் புரிந்துகொண்ட ஒன்றுக்காக, பிறகு மாதக்கணக்கில் ஒரே மாதிரிக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்காது.

டியூஷன் தேவைப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அனுப்புங்கள், தவறில்லை. ஆனால் ‘எனக்குக் கணக்கு வராது’ என்ற வாக்கியம் பத்து வயதில் ஒரு பிள்ளையின் மனத்தில் உட்கார்ந்துவிட்டால், அதை எழுப்பி அனுப்ப எந்த டியூஷனாலும் எளிதில் முடியாது. அது உட்காருவதற்கு முன்பே நாம் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை மதிய உணவுக்குப் பிறகு ஒரு குவளை பண்டோங் கலக்குங்கள். வெளியே துளிகள் படிந்ததும் பிள்ளையை விரலால் தொட்டுச் சுவைக்கச் சொல்லுங்கள். இனிக்காது. ஏன் என்று மட்டும் நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த வாரம் சந்திப்போம்.