பல்பு வாங்கப் போகிறீர்களா? காவலூரைக் கொஞ்சம் நினையுங்கள்!

வாணியம்பாடியில் இருந்து ஆலங்காயம் வழியாக மலை ஏறினால் காவலூர் வருகிறது. திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையில் உள்ள சிறிய ஊர். அந்த ஊருக்குப் பெருமை தேடித் தந்தது எது தெரியுமா? இருட்டு!

ஆம், அந்த இருட்டைத் தேடித்தான் விஞ்ஞானிகள் அங்கே போனார்கள். வைணு பாப்பு என்ற வான் ஆராய்ச்சி நிபுணர், நகரத்து வெளிச்சம் எட்டாத இடமாகப் பார்த்துக் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப் வைத்தார்கள். 1972-ல் 1 மீட்டர் டெலஸ்கோப் வந்தது. 1986-ல் 2.34 மீட்டர் டெலஸ்கோப்பைப் பிரதமர் ராஜீவ்காந்தி திறந்து வைத்தார். அதைப் பார்க்க வைணு பாப்பு உயிரோடு இல்லை. 1982-லேயே காலமாகிவிட்டார். டெலஸ்கோப்புக்கு அவர் பெயரையே சூட்டினார்கள்.

1977 மார்ச் மாதம் ஓர் இரவு. யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று காவலூரில் காத்திருந்தார்கள். கிரகம் வந்து மறைப்பதற்கு முன்பே, நட்சத்திரத்தின் ஒளி சில வினாடி மங்கியது! உலகில் வேறு சில இடங்களிலும் இதைக் கண்டார்கள். யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருப்பது இப்படித்தான் தெரிய வந்தது.

"இதற்கும் எங்கள் வீட்டுப் பல்புக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறீர்களா? இருக்கிறது.

பாலா, தீனியா?

பல்பு வாங்கும்போது நாம் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை வாட்?"

வாட் என்பது பல்பு தின்னும் மின்சாரம். அது தரும் வெளிச்சத்துக்கு லூமன் என்று பெயர். மாடு வாங்கப் போகிறவர், "எவ்வளவு தீனி தின்னும்?" என்று மட்டும் கேட்டுத் திரும்புவாரா? "எத்தனை படி பால் கறக்கும்?" என்று அல்லவா முதலில் கேட்பார்! பல்பு அட்டைப்பெட்டியில் லூமன் அச்சிட்டிருக்கும். அதைப் பாருங்கள்.

பழைய 60 வாட் குண்டு பல்பு சுமார் 700, 800 லூமன் தரும். தின்ற மின்சாரத்தில் பெரும் பகுதியை வெறும் சூடாக்கிவிடும். அதே வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. பல்பு தந்துவிடுகிறது.

கணக்குப் பாருங்கள். தினம் 5 மணி நேரம் எரித்தால், குண்டு பல்புக்கு இரண்டு மாதத்தில் 18 யூனிட் ஆகும். எல்.இ.டி.க்கு 3 யூனிட்கூட ஆகாது. நாலு பல்பை மாற்றினால் 60 யூனிட் மிச்சம்! மின்சாரக் கட்டணம் கட்டும் குடும்பத்துக்கு இது சிறிய தொகை அல்ல.

மிச்சம் எங்கே போனது?

ஆனால் இங்கேதான் ஒரு வேடிக்கை. "செலவு குறைந்துவிட்டதே" என்று வாசலில் ஒரு பெரிய விளக்கைப் போட்டு விடுகிறோம். விடிய விடிய எரிகிறது. ஊரைச் சொல்வானேன்? நானே செய்தேன். 50 வாட் விளக்கு, இரவு 12 மணி நேரம். இரண்டு மாதத்துக்கு 36 யூனிட்! மிச்சம் பிடித்ததில் பாதிக்கு மேல் அந்த ஒரு விளக்கு விழுங்கிவிட்டது.

விழுங்கி என்ன செய்தது? பாதி வெளிச்சம் எதிர் வீட்டு ஜன்னலுக்கும் வானத்துக்கும் போனது. வானத்தில் திருடனா நடக்கிறான்?

மேலே போகும் வெளிச்சம் காற்றிலும் தூசியிலும் பட்டுச் சிதறி, வானத்தையே வெளுக்கச் செய்கிறது. நீல ஒளி அதிகமாகச் சிதறும். பகல் வானம் நீலமாக இருப்பதற்கும் அதுதான் காரணம். பளிச்சென்ற வெள்ளை எல்.இ.டி.யில் நீலம் அதிகம். ஊருக்கு ஊர் இப்படி எரித்தால், நட்சத்திரம் சில வினாடி மங்குவதை எந்த டெலஸ்கோப் கண்டுபிடிக்கும்?

பெட்டியில் 6500 கே என்றிருந்தால் அது நீலம் கலந்த வெள்ளை. 2700, 3000 என்றிருந்தால் மஞ்சள். பிள்ளைகள் படிக்கும் மேஜைக்கு வெள்ளை இருக்கட்டும். படுக்கை அறைக்கும் வாசலுக்கும் மஞ்சளே நல்லது. இரவில் நீல ஒளி கண்ணில் பட்டால் தூக்கம் தள்ளிப் போகும் என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

"பெண்கள் நடமாடும் தெரு இருட்டாகக் கிடக்கலாமா?" என்று ஒரு சகோதரி என்னிடம் கேட்டார். கூடவே கூடாது! பாதையில் வெளிச்சம் வேண்டும். அது கால் வைக்கும் இடத்தில் விழ வேண்டும் என்பதுதான் என் கட்சி. எதிரே வருகிறவர் முகம் தெரியாதபடி கண்ணைக் கூசவைக்கும் விளக்கு யாருக்குக் காவல்?

லடாக்கில் ஹன்லே என்ற இடத்தைச் சுற்றி 2022-ல் இருண்ட வானப் பாதுகாப்புப் பகுதி அமைத்தார்கள். அங்கே டெலஸ்கோப் வைத்திருப்பதும் காவலூரை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம்தான். பனி மலையில் முடிந்தது ஜவ்வாது மலையடிவாரத்தில் முடியாதா?

என் வீட்டு வாசலில் இப்போது 7 வாட் மஞ்சள் பல்பு. மேலே ஒரு தகரத் தொப்பி. இரண்டு மாதத்துக்கு 5 யூனிட் ஆகிறது. எதிர் வீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறார்.