மவ்த்தா, ஸகராத்தா: எதற்கு அஞ்ச வேண்டும்?

"மவ்த்துக்கு நான் பயப்படவில்லை, ஸகராத்தை நினைத்தால்தான் பயம்." கபரஸ்தானிலிருந்து திரும்பும் வழியில் இந்த வார்த்தையைக் கேட்காதவர் நம்மிடையே இல்லை. மரணம் அல்லாஹ்வின் விதி, அதை ஏற்றுக்கொண்டேன், வேதனையைத்தான் என்னால் தாங்க இயலாது என்பது இதன் பொருள். கேட்பதற்கு ஈமானின் வார்த்தை போலவே இருக்கிறது. ஆயினும் இதை நாம் ஏற்க மறுக்கிறோம். மரணம், வேதனை என்னும் இரண்டைப் பேசிவிட்டு, இரண்டுக்கும் அப்பால் நிற்கும் மூன்றாவதை இது மறைத்துவிடுகிறது. அந்த மூன்றாவதுதான் ஹிஸாப், கேள்வி கணக்கு.

மரணத்தை வெறுப்பது மனித இயல்பு. அல்லாஹ்வின் சந்திப்பை விரும்புபவரை அவனும் சந்திக்க விரும்புகிறான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, நாங்கள் அனைவரும் மரணத்தை வெறுக்கிறோமே என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கேட்டார்கள். நபியவர்கள் அந்த இயல்பைக் கண்டிக்கவில்லை. தாம் குறிப்பிட்டது அதுவன்று என்றும், இறுதி வேளையில் நற்செய்தி கூறப்படும் முஃமினின் உள்ளத்தில் எழும் விருப்பமே அது என்றும் விளக்கினார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

வேதனை இழிவுமன்று, தண்டனையின் அடையாளமுமன்று. நபி (ஸல்) அவர்களே தம் இறுதி வேளையில் பாத்திரத்து நீரில் கையை நனைத்து முகத்தைத் தடவியவாறு, மரணத்துக்கு ஸகராத் உண்டு என்றார்கள். அதைக் கண்ட பின் எவருடைய கடினமான மரணத்தையும் தாம் வெறுத்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். இவ்வாறிருக்க, "இப்படிக் கஷ்டப்பட்டுப் போனாரே, என்ன பாவம் செய்தாரோ" என்று மையித்து வீட்டில் முணுமுணுப்பவர்கள் எந்த மார்க்கத்தைப் பேசுகிறார்கள்? ஆயிரம் வாள்வெட்டு என்று கணக்குச் சொல்லி மேடையில் மக்களை நடுங்க வைப்பவர்களுக்கும் இதே கேள்விதான். அந்த அறிவிப்பு நம்பத்தக்கதன்று என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒதுக்கியது அவர்களுக்குத் தெரியாதா?

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சியவர் எப்படி இறந்தார் என்பதை உமர் (ரலி) அவர்களிடம் காண்கிறோம். ஹிஜ்ரி 23-ஆம் ஆண்டு, ஃபஜ்ர் தொழுகையில் அவர்கள் குத்தப்பட்டார்கள். புகட்டிய பால் காயத்தின் வழியே வெளிவந்ததும், இனிப் பிழைக்க வழியில்லை என்பது சுற்றியிருந்தோருக்கும் அவர்களுக்கும் தெரிந்துவிட்டது. எவரும் அதை மூடி மறைக்கவில்லை. கலீஃபா தம் மகனை அழைத்துக் கடனைக் கணக்கிடச் சொன்னார்கள். 86,000 அல்லது அதை ஒட்டிய தொகை வந்தது. அதை அடைக்க வழி சொன்னார்கள். அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை 6 ஸஹாபாக்களிடம் ஒப்படைத்தார்கள். தம்மைப் புகழ்ந்தவரிடம், லாபமும் வேண்டாம், நட்டமும் வேண்டாம், சரிக்குச் சரியாகத் தப்பினால் போதும் என்னும் கருத்தில் பேசினார்கள். குடல் கிழிந்து கிடந்தவரின் கவலை வலியைப் பற்றியதாக இருக்கவில்லை.

இன்று நம் வீடுகளில் நடப்பது என்ன? புற்றுநோய் முற்றிவிட்டது என்று மருத்துவர் சொல்கிறார். அறிக்கை மகன்களின் கையில் இருக்கிறது. நோயாளிக்கு மட்டும் தெரியாது. "சொன்னால் அத்தா தாங்க மாட்டார்" என்கிறார்கள். அவர் வாங்கிய கைமாற்று, மனைவிக்குத் தர வேண்டிய மஹர், கொடுக்காமல் வைத்திருக்கும் சகோதரிகளின் சொத்துப் பங்கு யாவும் அப்படியே கிடக்கின்றன. கடனாளியின் ஜனாஸாவைத் தாம் தொழுவிக்காமல் நபி (ஸல்) அவர்கள் விலகி நிற்க, அபூகதாதா (ரலி) அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பிறகே தொழுவித்தார்கள் என்பதை ஓதியும் கேட்டும் வந்த சமூகம் இது. வலிக்கு அஞ்சி உண்மையை மறைத்தவர்கள், அவரைக் கணக்கோடு அனுப்பி வைக்கிறார்கள். இதற்குப் பாசம் என்று பெயரிட நம்மால் இயலாது.

உண்மையைச் சொன்னால் நம்பிக்கை இழந்துவிடுவார் என்பது அவர்களின் வாதம். முஃமினின் நம்பிக்கை பரிசோதனை அறிக்கையின் மீதா இருக்கிறது? அல்லாஹ்வைப் பற்றி நல்லெண்ணம் கொண்ட நிலையிலேயே மரணிக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தம் வஃபாத்துக்கு மூன்று நாள்களுக்கு முன் அறிவுறுத்தினார்கள். மரணம் நெருங்குவதை அறிந்தவருக்கே இந்த அறிவுரை முழுமையாகப் பயன்படும். மென்மையாக, அவர் கேட்கும் அளவுக்கு, அருகில் அமர்ந்து சொல்லுங்கள். அல்லாஹ்வின் ரஹ்மத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

வலியையும் நாம் அலட்சியம் செய்யவில்லை. அதற்கு மருந்து இருக்கிறது. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபியவர்களே ஏவியிருக்கிறார்கள். புற்றுநோயின் கடும் வலிக்கு மார்ஃபின் தரப்படுகிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் அது கிடைப்பது அரிதாயிற்று. 2014-இல் வந்த திருத்தம் அதை எளிதாக்கியது. அண்டையிலுள்ள கோழிக்கோட்டில் 1993 முதல் வலி தணிப்புச் சேவை நடைபெற்று வருகிறது. "ஸப்ரு செய்யுங்கள்" என்று கூறி மருந்தைத் தடுப்பது தவக்குல் ஆகாது. ஸப்ரு நோயாளி செய்ய வேண்டியது. அவருடைய வலிக்கு மருந்து தேடுவது நம் கடமை.

எனவே அச்சத்தை அதற்குரிய இடத்தில் வையுங்கள். வேதனையை மருத்துவரிடமும் துஆவிடமும் ஒப்படையுங்கள். கணக்கை மட்டும் எவரிடமும் ஒப்படைக்க முடியாது. வஸிய்யத் செய்ய வேண்டியது உள்ள ஒரு முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிப்பது தகாது என்பது நபிமொழியின் கருத்து. இன்று இஷாவுக்குப் பின் ஒரு தாளை எடுங்கள். யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று எழுதுங்கள். சகோதரியின் பங்கை முதல் வரியில் எழுதுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஸகராத்தை இலேசாக்கி, பிறர் ஹக்கைச் சுமக்காத அழகிய முடிவைத் தந்தருள்வானாக. ஆமீன்.