கோழிக்குச் சனி பிடித்ததா?

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் ஜில்லாக்களில் கறிக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் தோழர்களில் அநேகர், ஒரு பேட்ச் கோழி நஷ்டத்தில் முடிந்தால் என்ன செய்கின்றார்கள்? ஜோசியனிடம் ஜாதகத்தைக் காட்டுகின்றார்கள். செட்டின் வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுகின்றார்கள். பூசணிக்காய் உடைக்கின்றார்கள். வாசல் வைத்த திசை சரியில்லை என்று எவனாவது சொல்லிவிட்டால், கடன் வாங்கிச் சுவரை இடித்து வேறு பக்கம் வாசல் வைக்கின்றார்கள். இவ்வளவும் செய்கின்றவர்கள், தங்கள் நஷ்டத்திற்குக் காரணமான ஒரு காகிதத்தை மாத்திரம் எடுத்துப் படித்துப் பார்ப்பதில்லை. அந்தக் காகிதம் எது? கம்பெனிக்காரனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்களே, அந்த ஒப்பந்தந்தான்.

இந்த ஒப்பந்த வளர்ப்பு முறை 1990-களில் நம் கொங்கு நாட்டில் பரவியது. இதன் தன்மை என்ன? நிலம் குடியானவனுடையது. செட்டு அவன் கடன் வாங்கிக் கட்டியது. தண்ணீர், மின்சாரம், தரையில் பரப்பும் தேங்காய் மஞ்சி, குஞ்சுக்குச் சூடு காட்டும் செலவு, ஆள் கூலி, இராத்திரி விழிப்பு எல்லாம் அவனுடையவை. குஞ்சும், தீவனமும், மருந்தும் கம்பெனியுடையவை. ஆனால் கோழி யாருடையது? கம்பெனியுடையது! நாற்பது நாள் சொச்சத்தில் அது இரண்டு கிலோ ஆனதும் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போகின்றது. பண்ணைக்காரனுக்கு மிஞ்சுவது எருவும், கிலோவுக்கு இவ்வளவு என்று கம்பெனி எழுதுகின்ற வளர்ப்புக் கூலியுமே.

அந்தக் கூலிதான் எவ்வளவு? கிலோவுக்கு ஆறு, ஆறரை ரூபாய் என்பதே பல வருஷமாகப் பண்ணைக்காரர்கள் சொல்லி அழுகின்ற கணக்கு. ஐயாயிரம் கோழி, இரண்டு கிலோ வீதம் பத்தாயிரம் கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆறரை ரூபாய் வீதம் 65,000 ரூபாய். புருஷனும் பெண்ஜாதியும் இரவு பகலாய் உழைத்த உழைப்பும், கரண்டு பில்லும், மஞ்சி விலையும், பாங்கு வட்டியும் எல்லாம் இதற்குள்ளேயே அடங்க வேண்டும். இதிலும் பிடித்தம் உண்டு. கோழி அதிகம் செத்தால் பிடித்தம். ஒரு கிலோ கறிக்குத் தின்ற தீவனம் கணக்குக்கு மேல் போனால் பிடித்தம். நாம் கேட்பது இதுதான்: குஞ்சு நோஞ்சானாய் வந்தால் அது யார் குற்றம்? தீவனத்தில் சத்துக் குறைந்தால் அதை அரைத்தவன் யார்? சித்திரை வெயிலில் வேர்வைச் சுரப்பியே இல்லாத கோழி வாயைப் பிளந்து இளைத்துச் செத்தால், அதற்கு எந்த கிரகம் பொறுப்பு? குற்றம் ஒருவனுடையது, அபராதம் மற்றொருவனுக்கு என்கின்ற இந்த நீதி எந்த மனுநீதிக்குக் குறைந்தது?

இது பண்ணைக்காரனின் மூடநம்பிக்கை. கோழி தின்கின்றவர்களின் மூடநம்பிக்கை இதைவிட மோசம். "இது ஊசி போட்டு வளர்த்த கோழி, தின்றால் பெண்பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுவார்கள்" என்கின்றார்கள் படித்தவர்கள்கூட. ஐயாயிரம் கோழியைத் தினம் தினம் பிடித்து ஊசி போட எத்தனை ஆள் வேண்டும், ஆறரை ரூபாய்க் கூலியில் அது கட்டுமா என்று இவர்கள் யோசித்ததுண்டா? கானடா தேசத்து ஆல்பர்ட்டா சர்வகலாசாலையார் 1957, 1978, 2005 ஆகிய மூன்று காலத்து இனங்களையும் ஒரே தீவனம் போட்டு வளர்த்து, 2014-ல் முடிவை வெளியிட்டார்கள். 56 நாளில் முதல் இனம் 905 கிராம், இரண்டாவது 1,808 கிராம், மூன்றாவது 4,202 கிராம். ஊசி இல்லை, மந்திரம் இல்லை. தலைமுறை தலைமுறையாய்ப் பொறுக்கி எடுத்து இனம் சேர்த்ததுதான் காரணம். பயப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கின்றது. கண்ட மருந்தைத் தீவனத்தில் கலந்தால், கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் போய்விடும். பிறகு மனிதனுக்கு நோய் வந்தால் அதே மருந்து உதவாது. அதனால்தான் இந்திய சர்க்கார் 2019-ல் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிக்குக் கொடுக்கக் கூடாது என்று தடுத்தார்கள். இதைக் கேட்பாரில்லை, ஊசிக் கதைக்குத்தான் ஆள் கூடுகின்றது.

2020-ல் கொரோனா வந்தபோது கோழியால் பரவுகின்றது என்று வாட்ஸ்அப்பில் எவனோ கிளப்பிவிட்டான். ஆதாரம் கேட்டவர் யார்? கறி வாங்குவாரில்லாமல் விலை பாதாளத்திற்குப் போயிற்று. புரட்டாசியிலும் இதே கதை வருஷந்தோறும் நடக்கின்றது. கறி தின்றால் பெருமாளுக்குக் கோபம் வருமாம்! ஐப்பசி பிறந்தால் அந்தக் கோபம் எங்கே போகின்றது? விரதம் இருக்கின்ற கூட்டத்தில் கோழிப் பண்ணைக்காரனும் இருக்கின்றான் என்பதுதான் வேடிக்கை. தன் பிழைப்பில் தானே மண் போட்டுக்கொள்ளுகின்றான். பெருமாளுக்கு ஒரு மாத விரதம் உண்டு. பாங்கு வட்டிக்கு ஒரு நாளாவது விரதம் உண்டா?

"விலை விழுந்தால் நஷ்டம் எங்களுக்குத்தானே? பண்ணைக்காரனுக்குக் கூலி நிச்சயமாயிற்றே" என்று கம்பெனிக்காரர்கள் சொல்லலாம். விலை விழுந்தால் அவர்கள் கையைக் கடிக்கின்றது என்பது வாஸ்தவமே. சோயாப் புண்ணாக்கு விலை ஏறிய 2021-ல் வெளிநாட்டிலிருந்து 12 லட்சம் டன் இறக்குமதிக்கு சர்க்கார் அனுமதி கொடுக்க வேண்டி வந்ததும் நமக்குத் தெரியும். ஆனால் விலை விழுந்தால் கம்பெனி செய்வது என்ன? குஞ்சு இறக்குவதைக் குறைத்து விடுகின்றது. செட்டு மாதக்கணக்கில் காலியாய்க் கிடக்கின்றது. காலிச் செட்டுக்குக் கூலி உண்டா? இல்லை. நஷ்டம் வந்தால் பங்கு, இலாபம் வந்தால் கூலி என்பதற்குப் பெயர் கூட்டு வியாபாரமா? பேருக்குப் பண்ணை முதலாளி. வாஸ்தவத்தில் தன் சொந்த நிலத்திலேயே கூலிக்காரன். இதைவிடச் சுயமரியாதைக் குறைவு வேறென்ன வேண்டும்?

ஆகையால் தோழர்களே! ஒப்பந்தப் பண்ணையத்திற்கென்று தமிழ்நாட்டில் 2019-ல் சட்டம் செய்யப்பட்டிருக்கின்றது. கால்நடையும் அதில் சேர்ந்ததே. சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது, அதைக் கேட்டு வாங்கும் துணிவு வேண்டும். ஒப்பந்தம் தமிழில் இருக்கட்டும். நகல் உங்கள் பெட்டியில் இருக்கட்டும். குஞ்சையும் தீவனத்தையும் உங்கள் கண் முன்னே நிறுத்துக் கொடுக்கட்டும். கரண்டு, மஞ்சி, ஆள் கூலி ஏறினால் வளர்ப்புக் கூலியும் வருஷாவருஷம் ஏறட்டும். காலியாய்க் கிடக்கும் செட்டுக்கு ஒரு தொகை எழுதட்டும். தனியாய்க் கேட்டால் "அடுத்த பேட்ச் குஞ்சு இல்லை" என்பான்; சங்கமாய்க் கேட்டால் உட்கார்ந்து பேசுவான். பூசணிக்காய்க்குக் கொடுக்கும் காசைச் சங்கச் சந்தாவாய்க் கொடுங்கள்.

தலையில் எழுதினான் என்று நம்பினால் அழிக்க வழியில்லை. காகிதத்தில் எழுதினது என்று அறிந்தால் திருத்தி எழுதலாம். உங்கள் நஷ்டம் காகிதத்தில்தான் எழுதப்பட்டிருக்கின்றது.