துக்கம் எப்போது நோயாகிறது? ஹோலி பிரிகர்சன் ஆய்வு சொல்வது என்ன?

நெருங்கியவர் இறந்து ஓராண்டாகியும் துக்கம் ஆறலைன்னா அது நோயா? அமெரிக்காவின் வெயில் கார்னெல் ஆய்வாளர் ஹோலி பிரிகர்சன் பல ஆண்டுகளாக ஆராயும் கேள்வி இது.

தீராத ஏக்கம், இறப்பை நம்ப முடியாமை, அன்றாட வாழ்க்கை முடங்குவது ஆகியவை மனச்சோர்விலிருந்து வேறான பிரச்சினை என்கிறார் அவர். 2022-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம் கையேடு, 'நீடித்த துக்கக் கோளாறு' எனச் சேர்த்தது. அதன்படி பெரியவர்களுக்குக் குறைந்தது 12 மாதம். உலக சுகாதார அமைப்பின் ஐசிடி-11-ல் 6 மாதம்.

அழுறதுக்கும் கெடுவா என எதிர்ப்பும் உண்டு. ஆனால் காலம் மட்டுமே அளவுகோல் இல்லை. அவரவர் பண்பாட்டு வழக்கத்தையும் மீறியிருக்கணும்.

நோயாளி இறந்ததும் வலி தணிப்பு சிகிச்சை முடிவதில்லை. குடும்பத்தின் துக்கத்துக்குத் துணை நிற்பதும் அதன் வேலைதான். உலகில் அது தேவைப்படுவோரில் சுமார் 14% பேருக்கே கிடைக்கிறது. மற்ற வீடுகளில் முடங்கிக் கிடப்பவரை முதலில் கவனிக்க வேண்டியது உறவினர்கள்தான்.