உருமிக்கும் மேடை வேண்டும்

எங்கள் மாசாய்ப் பக்கம் உருமி மேளம் இல்லாமல் கோயில் திருவிழா களைகட்டாது. பல்கலைக்கழகக் கலை இரவிலோ அதன் வேலை, பிரமுகரை வாசலில் வரவேற்பதோடு சரி; மேடை திரைப்பாடலுக்கு! இதை என்னால் ஏற்க முடியவில்லை.

2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முறையாக மேடையேறியது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் திரட்டிய 19 பேர் குழு அது. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானா, பறையோடும் கித்தாரோடும் சேர்ந்து சாதியைக் கேள்வி கேட்டது. மக்கள் திரண்டு கேட்டார்கள்.

உருமி அடித்தால் சண்டை வரும் என்பார்கள் நம்மவர்கள். பந்து விளையாட்டில் வராத சண்டையா? திடலை மூடிவிட்டோமா?

அடுத்த கலை இரவில் உருமிக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், நண்பர்களே. ஒலிவாங்கி நான்கு போதும்.